14,500 ரூபாய்க்கு அதே 127.0.0.1

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆறு கிளைகளும் தினமும் ராத்திரி ஆர்சிங்க் (rsync, கோப்புகளை நகலெடுத்து அனுப்பும் நிரல்) வழியாகத் தலைமை சர்வருக்குக் கோப்பு அனுப்பும். முன்னால் எஸ்டனல் (stunnel, இணைப்பை மறையாக்கும் நிரல்) 874-ஆம் போர்ட்டில் நின்று கிளைகளின் சான்றிதழைப் பார்த்து உள்ளே விடும். பின்னால் 873-ஆம் போர்ட்டில் ஆர்சிங்க். இதில் ஒரே தலைவலி, எஸ்டனல் அதே சர்வருக்குள் இருந்து இணைவதால், லாகில் (வந்தவர்களின் பதிவேட்டில்) யார் வந்தாலும் 127.0.0.1, அதாவது சர்வரின் சொந்த முகவரி என்றே பதிவாகும். போன வாரம் ஏதோ ஒரு கிளை பழைய கோப்பைப் புதியதன் மேல் எழுதிவிட்டது. எந்தக் கிளை என்று கண்டுபிடிக்க வழியில்லை.

வெளியாட்களுக்கு வேலை கொடுக்கும் ஒரு தளத்தில் ஆள் பிடித்தேன். 14,500 ரூபாய். சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்குத் திரையைப் பகிர்ந்து, "சார், உங்க மொபைல் நெட்ல இருந்து இந்த கமாண்டை அடிங்க" என்றார். அடித்தேன். லாகில் 49-இல் தொடங்கும் என் முகவரி பளிச்சென்று வந்தது. அந்தச் சந்தோஷத்தில் 'வேலை முடிந்தது' பொத்தானை அழுத்தினேன். அவர் கொடுத்த கமாண்டு எஸ்டனல் வழியாகப் போகும் ஆர்சிங்க்-எஸ்எஸ்எல் இல்லை, வெறும் ஆர்சிங்க் என்பதைக் கவனிக்கவே இல்லை. கண் அந்த 49-லேயே இருந்தது.

ஞாயிறு காலையில் பார்த்தால் ஆறு கிளைக்கும் அதே 127.0.0.1. ஆள் செய்தது இவ்வளவுதான்: எந்த முகவரிகள் நுழையலாம் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் அலவ் வரியை அழித்து, ஃபயர்வாலில் 873-ஐ ஊருக்கே திறந்துவிட்டு, எஸ்டனலைச் சுற்றிக்கொண்டு நேராக என்னை உள்ளே வரவைத்திருக்கிறார். நேராக வந்தால் நிஜ முகவரி தெரியாமல் என்ன செய்யும்? சான்றிதழ்தான் இருக்கிறதே என்று நான் பாஸ்வேர்டு போடாமல் விட்ட ஒரு மாட்யூல் (ஆர்சிங்க் பகிரும் கோப்புறை) ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தது. 14,500 கொடுத்து வாசலைத் திறந்து வைத்துக்கொண்டேன்!

கேட்டால் முதலில் "கேச் சார், கிளியர் ஆயிடும்". லாகுக்கு ஏதய்யா கேச்? அப்புறம் "உங்க ஐஎஸ்பி பிரச்னை". அப்புறம் பதிலே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தால், "வேலை முடிந்ததாகத் தாங்களே உறுதி செய்துள்ளீர்கள்" என்று மூன்று முறை ஒரே வரி.

கடைசியில் நானே கையேட்டைப் படித்தேன். வந்தவரின் நிஜ முகவரியைப் பின்னால் இருக்கும் ஆர்சிங்குக்குச் சொல்ல, எஸ்டனலில் புரோட்டோகால் = ப்ராக்ஸி. அதை வாங்கிக்கொள்ள, ஆர்சிங்க் அமைப்புக் கோப்பில் ப்ராக்ஸி புரோட்டோகால் = ட்ரூ; ஆர்சிங்க் 3.2.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். மொத்தம் இரண்டு வரி. இரண்டு வரிக்கு 14,500.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சோதனையை உங்கள் நிஜக் கிளையிலிருந்து, வழக்கமான கமாண்டிலேயே செய்யுங்கள். ப்ராக்ஸி வரியைப் போட்டால் 873-ஐ வெளியே மூடியே வையுங்கள். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் பொய் முகவரி சொல்லி நுழையலாம். ராத்திரி பதினொரு மணிக்கு எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். பழைய கோப்பை அனுப்பிய கிளை எது என்று இன்னும் தெரியாது, அந்த லாகில் 127.0.0.1தான் இருக்கிறது.