மேடையில் நேரடி கோடிங்: வரி நிரப்பும் உதவியாளரா, ஏஜென்டா?

ஏஐ துணையோடு கூட்டத்தின் முன் கோட் எழுதிக் காட்டப் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வருகிறது. 2021-இல் முன்னோட்டமாக வந்த கிட்ஹப் கோபைலட் போல வரியை முடித்துத் தருவது ஒரு வகை. 2025-இல் வந்த கிளாட் கோட் போல வேலையை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் ஏஜென்ட் இன்னொரு வகை.

பார்வையாளருக்குப் புரிவது
வரி நிரப்பல்: பரிந்துரை சாம்பல் நிறத்தில் தெரியும், டேப் தட்டினால் சேரும். ஏன் ஏற்றோம், ஏன் தள்ளினோம் என்று அங்கேயே பேசலாம்.
ஏஜென்ட்: பல ஃபைல்கள் அடுத்தடுத்து மாறும். பின்வரிசைக்கு டிஃப் (எந்த வரி சேர்ந்தது, எது நீங்கியது என்ற பட்டியல்) ஓடுவது மட்டும்தான் தெரியும்.

காத்திருப்பு
வரி நிரப்பல்: பெரும்பாலும் கண் இமைக்கும் நேரம்.
ஏஜென்ட்: நிமிடக்கணக்கிலும் போகலாம், அதுவரை பேச விஷயம் வேண்டும். அப்புறம், ஒரே கேள்விக்கு ஒத்திகையில் வந்த விடை மேடையிலும் அப்படியே வரும் என்று நம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் முடித்த கோடை ஒரு கிட் கிளையில் (கோடின் தனிப் பிரதி, branch) தயாராக வையுங்கள், சொதப்பினால் அதற்குத் தாவலாம்.

நெட் போனால்
மேலே சொன்ன கோபைலட், கிளாட் கோட் இரண்டுமே வழக்கமாகப் படுத்துவிடும். ஹாட்ஸ்பாட் கட்டாயம்.

மாணவர்களுக்குக் கோடிங் சொல்லித்தரும் அமர்வு என்றால் தயங்காமல் வரி நிரப்பலை எடுங்கள். யோசனையிலிருந்து ஓடும் ஆப் வரை காட்ட வேண்டுமா, சரி, ஏஜென்ட். எதுவானாலும் ஏபிஐ கீ (சேவையைப் பயன்படுத்தும் ரகசியச் சாவி) இருக்கும் ஃபைலை முதலில் மூடிவிடுங்கள்.