ஊசியில் பின்னிய டெட்டி கரடி: மூன்று வருஷப் புழக்கத்தில் எது நிற்கிறது, எது பிரிகிறது

கையால் பின்னிய டெட்டி முதலில் பிரியும் இடம் அக்குள். அடுத்தது கழுத்து. கால் இரண்டும் சேரும் கவட்டிக்கு மூன்றாம் இடம். பின்னுகிறவர்களோ முகத்தைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள்: ஒரு காது பெரிசு, மூக்கு கோணல் என்று. குழந்தை அதையெல்லாம் கண்டுகொள்வதே இல்லை. ஒற்றைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும், காதைச் சப்பும், சாம்பார் கிண்ணத்தில் முக்கும். கடையில் வாங்கிய ரோம பொம்மைக்கும் இதே கதிதான், ஆனால் அதன் துணி இயந்திரத்தில் நெருக்கமாகச் செய்தது. இழுத்தால் அதிகம் நீளாது. கைப்பின்னல் துணி எல்லாப் பக்கமும் நீளும். தொட இதமாக இருப்பதும் அதனால்தான், ஓட்டை விழுவதும் அதனால்தான்.

இங்கே பேசுவது தட்டையாகப் பின்னி மடித்துத் தைக்கும் எளிய கரடியைப் பற்றி. உடம்போடேயே சட்டையும் கால்சட்டையும் வந்துவிடும், கழற்ற முடியாது. தொண்டு வேலைக்குப் பின்னுகிறவர்கள் அதிகம் எடுப்பது இந்த உடல்வாகைத்தான். ஏமி பெர்மன் மினியாபொலிஸில் 2003-இல் தொடங்கிய மதர் பேர் புராஜெக்ட், எச்ஐவியால் பாதிக்கப்பட்ட ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு மார்பில் சிவப்பு இதயம் தைத்து அனுப்பும் கரடிகளும் இந்த ஜாதிதான். ஒற்றைக் கொக்கி ஊசியில் போடும் குரோஷா பொம்மைதான் இப்போது எங்கே பார்த்தாலும். அது கெட்டியாக நிற்கும், அலமாரிக்கு அழகு. இரண்டு வயதுக் குழந்தை கட்டிக்கொண்டு தூங்குவதற்கு இரட்டை ஊசிப் பின்னல்தான் மேல் என்பது இதை எழுதுகிறவர்களின் கட்சி.

முதலில் நூல். உல்லன் நூல் என்று கேட்டால் நம் கடைகளில் கையில் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். கரடிக்கு அதுவே போதும், நல்லதும்கூட. நிஜக் கம்பளி தண்ணீரில் அலசிக் கசக்கினால் சுருங்கித் திரண்டுவிடும், பூச்சியும் அரிக்கும். மில்க் காட்டன் என்று விற்பது பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது. வியர்க்காது, ஆனால் கனம். சந்தேகம் இருந்தால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கொளுத்திப் பார்க்கலாம். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். கம்பளி முடி கருகிய வாடை அடிக்கும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும்.

தடிமன் விஷயத்தில் ஏமாற வேண்டாம். 4 பிளை, அதாவது நாலு இழை முறுக்கிய நூல் என்பது கடைக்குக் கடை மாறும். 100 கிராமுக்கு 200 முதல் 240 மீட்டர் என்று லேபிளில் இருந்தால் இந்த அளவுக்குப் பொருந்தும். லேபிளே இல்லாத நூல் என்றால் ஸ்கேலில் ஒரு அங்குலத்துக்கு நெருக்கமாகச் சுற்றுங்கள், இறுக்கிப் பிடிக்காமல். 11 முதல் 14 சுற்று வந்தால் சரி.

ஊசியில்தான் பாதி ஆயுள் இருக்கிறது. இதே நூலுக்கு ஸ்வெட்டர் பின்னுபவர்கள் 8 நம்பர், அதாவது 4 மி.மீ. ஊசி எடுப்பார்கள். கரடிக்கு 10 நம்பர், 3.25 மி.மீ. நம்பர் கூடினால் ஊசி மெலியும், பழக்கமில்லாதவர்கள் தலைகீழாக வாங்கிவிடுவது வழக்கம். கை தளர்வாக ஓடுகிறவர் 11 நம்பருக்கே போகலாம். பின்னியதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விரலால் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். கண்ணிகளுக்கு, அதாவது ஊசியில் விழுந்த நூல் வளையங்களுக்கு நடுவே விரல் தோல் பளிச்சென்று தெரிந்தால், ஆறு மாதத்தில் அந்த வழியாகப் பஞ்சு எட்டிப் பார்க்கும். பிரித்துவிட்டு ஒரு நம்பர் மெல்லிய ஊசியில் மறுபடி தொடங்குவது மலிவு.

அளவு இது. எல்லா வரியும் நிட் (நேர்க் கண்ணி) மட்டும், பர்ல் (மறுபுறக் கண்ணி) கிடையாது. பாத நிறத்தில் 10 கண்ணி ஏற்றி 10 வரி, கால்சட்டை நிறத்துக்கு மாறி 30 வரி. அதை ஊசியிலேயே ஓரமாக ஒதுக்கிவிட்டு இன்னொரு கால். இரண்டையும் சேர்த்து 20 கண்ணியாக 16 வரி. சட்டை நிறம் 24 வரி. தலை 36 வரி. பாதி முகம், பாதி பின்மண்டை. பிறகு போன வழியே திரும்ப வேண்டும்: சட்டை 24, கால்சட்டை 16, பத்துப் பத்தாகப் பிரித்து 30 வரி, பாதம் 10 வரி, கண்ணி அடைத்து முடிப்பு. மொத்தம் ஒரே நீளத் துண்டு. உச்சந்தலையில் மடித்தால் முன்னும் பின்னும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். கைக்கு, கழுத்து வரியிலிருந்து கீழ்நோக்கி முன்பக்க ஓரத்தில் 8, பின்பக்க ஓரத்தில் 8 என்று 16 கண்ணி பொறுக்கி எடுத்து, சட்டை நிறத்தில் 20 வரி, பாத நிறத்தில் 10 வரி. இரண்டு வரி சேர்ந்து ஒரு மேடு என்பதால், மேட்டுக்கு ஒரு கண்ணி என்று எண்ணினால் கணக்கு தப்பாது.

எல்லா எண்ணும் இரட்டைப்படையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நிட் மட்டுமே போடும் துணியில் நிறம் மாறும் இடம் ஒரு பக்கம் கோடு போட்டது போல இருக்கும், மறுபக்கம் இரண்டு நிறமும் புள்ளி புள்ளியாகக் கலந்து தெரியும். இரட்டைப்படையில் மாற்றினால் கோடு எல்லாம் ஒரே பக்கம் விழும். அதை வெளிப்பக்கமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது காலைச் சேர்க்கும்போது இரண்டு காலின் தொடக்க நூல்வாலும் ஒரே பக்கம் தொங்குகிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒரு காலில் கோடும் இன்னொன்றில் புள்ளியும் வரும், கடைசியில்தான் கண்ணில் படும்.

இத்தனைக்கும் ஏறக்குறைய 4,900 கண்ணி. நிமிஷத்துக்கு 20 கண்ணி ஓடும் கைக்கு நாலு மணி நேரச் சொச்சம். தைப்பும் முகமும் கிட்டத்தட்ட அதே நேரத்தை வாங்கும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நூல் 40 கிராம் ஆகும், தைக்கவும் சேர்த்து 50 வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு 35 முதல் 40 கிராம். முடிந்த கரடி 22 செ.மீ. சுமாருக்கு நிற்கும்.

பஞ்சு என்றால் ரெக்ரான் என்கிற பாலியெஸ்டர் பஞ்சுதான், வேறு யோசனை வேண்டாம். இலவம் பஞ்சு தலையணைக்குச் சரி. ஒரு தடவை தண்ணீர் பட்டால் கட்டி கட்டியாகத் திரளும், இழை பொடிந்து பின்னல் வழியே வெளியேயும் வரும், அது குழந்தையின் மூக்குக்குப் போகும். சாதாரணப் பருத்திப் பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஐப்பசி மழையில் நாலு நாள் காயாமல் புழுங்கும். வெட்டிய துணித் துண்டு, பழைய பனியன் எல்லாம் வெளியே முண்டு முண்டாகத் தெரியும். பயறு, அரிசி, சின்ன மணி போட்டு அடியைக் கனமாக்கும் யோசனை அடிக்கடி கண்ணில் படுகிறது. தையல் பிரிந்தால் நேரே வாய்க்குப் போகும், தானியத்தில் வண்டும் வைக்கும். சின்னக் குழந்தைக்குக் கூடவே கூடாது.

திணிப்பதற்கு முன் பஞ்சைப் பூ மாதிரி பிய்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். உருட்டி அடைத்தால் உருட்டியபடியே உள்ளே கிடக்கும். திணிக்க வழி விடுவதைப் பலர் கவட்டியில் விடுகிறார்கள். இழுபடும் இடத்தில் கடைசித் தையலை வைப்பது தப்பு. விலாவில், கைக்குக் கீழே இடுப்பு வரை 5 செ.மீ. திறந்து விட்டால் கை உள்ளே போகவும் வசதி, பின்னால் பிரித்துப் பஞ்சு சேர்க்கவும் வசதி. கால், தலை, கை, கடைசியாக வயிறு என்று போங்கள். காலில் பஞ்சைக் கொஞ்சம் குறைத்து, உடம்போடு சேரும் வரியில் குறுக்கே முன்னும் பின்னும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டால் கரடி உட்காரும். போடாவிட்டால் கம்பு மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும்.

கழுத்துக்கு வருவோம். தலையும் சட்டையும் சேரும் வரியில் ஊசியால் உள்ளே வெளியே என்று சுற்றிலும் நூல் ஓட்டி இழுத்துக் கட்டுவதுதான் கழுத்து. பொம்மை போல வர வேண்டுமே என்று பலரும் சுருக்குப் பை மாதிரி இறுக்கி விடுகிறார்கள். அப்போது தலையின் பஞ்சும் உடம்பின் பஞ்சும் தனித்தனி உருண்டையாகிவிடும். நடுவே வெறும் துணி. மூன்று மாதத்தில் தலை தொங்கும். 18 செ.மீ. சுற்றளவை 11 அல்லது 12 வரைக்கும் இறக்கினால் போதும், அதுவும் கழுத்து வழியே தலைக்கும் மார்புக்கும் தொடர்ச்சியாகப் பஞ்சு அடைத்த பிறகு. நூலை இரட்டையாக எடுங்கள். கட்டிய முனையை வெட்டாமல் நீள ஊசியால் உடம்புக்குள் குத்தி வேறு பக்கம் எடுத்து, பிறகு ஒட்ட வெட்டினால் முடிச்சு உள்ளே போய்விடும். இடுப்பைப் பிடித்துத் தூக்குங்கள்: தலை சரியாமல் நின்றால் தேறிவிட்டது.

காது தனியாகப் பின்னித் தைப்பதில்லை. தலையின் இரண்டு மேல்மூலையிலும் சாய்வாகக் கெட்டித் தையல் ஓட்டினால் அந்த முக்கோணமே காது. பிய்க்க ஒன்றும் இல்லாததால் சப்புகிற குழந்தைக்கு இதுவே பத்திரம்.

அக்குளில் மட்டும் ஒரு வேலை கூடுதலாகச் செய்ய வேண்டும். கையின் அடித் தையலும் விலாத் தையலும் அங்கே ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. இரண்டையும் தனித்தனி நூலால் தைத்து அங்கேயே முடிச்சுப் போட்டால், இழுபடும்போது முதல் சுமை முடிச்சுக்குத்தான். ஒரே நூலில் கை நுனியிலிருந்து தைத்துக்கொண்டு வந்து, அக்குளில் நாலு தடவை குறுக்கும் நெடுக்கும் போட்டு, நிறுத்தாமல் விலாவில் இறங்க வேண்டும். இது ஒன்றைச் செய்த கரடிக்கும் செய்யாத கரடிக்கும் வித்தியாசம் இரண்டாம் வருஷத்தில் தெரியும்.

கண்ணுக்கு நூல்தான். பிளாஸ்டிக் சேஃப்டி கண் பின்னால் வாஷர் போட்டு இறுக்குவது. நெய்த துணியில் பிடித்து நிற்கும். பின்னல் துணியில் கண்ணி விரிந்து வாஷரோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குப் பொத்தான், மணி எதுவும் வேண்டாம். கழுத்தில் ரிப்பனும் வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது எந்த மெத்து பொம்மையும் பக்கத்தில் இருக்கக் கூடாது, பின்னியது என்பதால் விலக்கு இல்லை. முகத்துக்கு ஒரு சூட்சுமம்: கண்ணை முகத்தின் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, அகலமாகத் தள்ளி வையுங்கள். மேலே, நெருக்கமாக வைத்தால் கரடி வாத்தியார் மாதிரி முறைக்கும்.

விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கு விற்கும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மெத்து பொம்மைக்குப் பார்க்கும் முக்கியமான தரம் ஐஎஸ் 9873. மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. வீட்டில் பின்னுவதால் தானாக விலக்கு கிடைத்துவிடாது.

துவைப்பதில் கெட்டுப்போவது அதிகம். அடர் சிவப்பு, கருநீலம் வாங்கினால் பின்னும் முன்பே ஒரு துண்டை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். கறை இறங்கினால் அந்த நூலை வெள்ளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு வரக் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கரைத்து அரை மணி ஊற வைத்து, முறுக்காமல் அமுக்கி எடுத்து, துண்டில் சுற்றி மிதித்துத் தண்ணீரை இறக்கவும். மெஷின் என்றால் தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, மென் சுழற்சியில். கொடியில் காதைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் கழுத்து நீண்டுவிடும். கூடையில் படுக்க வைத்து நிழலில், காற்றில் காய விடுங்கள். இஸ்திரிப் பெட்டியும் ஆவியும் கிட்டவே வரக் கூடாது. அக்ரிலிக் ஒரு தடவை சூட்டில் தளர்ந்தால் தொய்ந்ததுதான், திரும்ப எழும்பாது. தும்மல், இழுப்பு உள்ள வீட்டில் கரடியைப் பையில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் துவைப்பது நல்லது. குளிர் தூசிப் பேனைக் கொல்லும், மிச்சத்தை அலசுவதுதான் போக்கும்.

ஒரு வருஷத்தில் மேலே குட்டிக் குட்டி உருண்டையாக நூல் திரளும், அக்ரிலிக்கின் சுபாவம் அது. சின்னக் கத்தரியால் நறுக்கலாம், பிய்க்கக் கூடாது. பிய்த்தால் உள்ளிருக்கும் இழையும் கூட வரும். இரண்டாம் வருஷம் வயிறு ஒட்டும், விலாவைப் பிரித்து 5 முதல் 10 கிராம் பஞ்சு சேர்த்தால் பழையபடி. பாதத்தில் கண்ணி அறுந்தால் அதே நூலால் மேலேயே தடம் பார்த்து ஊசியால் ஓட்டி மூடலாம். அங்கே ஒரு சிக்கல் வரும்: மூன்று வருஷம் வெளுத்த கரடியில் பெட்டியில் இருந்த புது நூல் ஒட்டுப் போட்ட மாதிரி பளிச்சென்று நிற்கும். ஒவ்வொரு நிறத்திலும் ஐந்து மீட்டரை ஒரு வலைப் பையில் கட்டி, கரடியைத் துவைக்கும்போதெல்லாம் அதையும் கூடவே போட்டு வந்தால் இரண்டும் ஒன்றாகவே வெளுக்கும்.