தூபக்காலோடு 12 வருடம்

கல்யாணச் சீரில் வந்த பித்தளைத் தூபக்கால் முதல் நாலு வருடம் பரணிலேயே கிடந்தது. சென்னையில் அடுக்குமாடி வீடு, கேஸ் அடுப்பு; கங்குக்கு எங்கே போவது? ஊதுபத்தியில் ஆரம்பித்து கம்ப்யூட்டர் சாம்பிராணி, கப் சாம்பிராணி, கரண்டில் ஓடும் தூபக்கால் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் பரணில் ஏணி போட்டேன்.

கப் சாம்பிராணியைக் குறை சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவு வசதி. ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினால் போதும். ஆனால் வாசம் முதல் ஐந்து நிமிடம்தான். உள்ளே இருக்கும் பொடி தீர்ந்ததும் கிண்ணத்தின் கரி எரியும் நெடிதான் வீட்டில் நிற்கும். ஒருமுறை எவர்சில்வர் தட்டில் வைத்துவிட்டுப் போனை எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் தட்டுச் சூடேறி, பூஜை அலமாரிப் பலகையில் வட்டமாகக் கருகிவிட்டது. அந்தத் தழும்பின் மேல்தான் இப்போது குங்குமச்சிமிழ் இருக்கிறது.

கரண்ட் தூபக்காலில் வேறு தலைவலி. சாம்பிராணி உருகித் தகட்டில் பாகாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த வாரம் சுவிட்சைப் போட்டால் அந்தப் பழைய பாகுதான் முதலில் தீயும். கத்தியால் சுரண்டிச் சுரண்டித் தகடே போயிற்று.

சரி, பழைய வழி. சிரட்டைத் துண்டை (சென்னையில் கொட்டாங்கச்சி என்றால்தான் தருவார்கள்) இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் காட்டினால் சடசடவென்று பற்றும். சுடர் அடங்கிச் செக்கச்செவேலென்று கங்காகும்வரை காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் கங்கின் மேலேயே பொடியைக் கொட்டினேன். கரும்புகை கிளம்பி எல்லாருக்கும் கண் எரிந்தது. ஊரிலிருந்து வந்த ஆச்சி பார்த்துவிட்டு, "தீயில போடாத ட்டீ, சாம்பல்ல போடு" என்றார். கங்கின் மேல் ஒரு ஸ்பூன் சாம்பலைத் தூவி, அதன் மேல் ஒரு சிட்டிகை. வெள்ளைப் புகை நிதானமாக எழுந்தது. பாலைச் சுண்டக் காய்ச்சும்போது வருமே, அப்படி ஓர் இனிப்பு வாசம் அதில்.

ஆச்சி சொன்னதற்குக் காரணம் உண்டு. சாம்பிராணி ஒரு மரப்பிசின். சுமத்ராவில் மரப்பட்டையைக் கீறிவிட்டு, வடிந்து இறுகியதைச் சுரண்டி எடுக்கிறார்கள். அதிலிருக்கும் பென்சாயிக் அமிலம் மிதமான சூட்டிலேயே ஆவியாகிவிடும். சூடு மிஞ்சினால் பிசினே கருகும். அரபு வணிகர்கள் இதை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாக் குந்துருக்கம் (குந்துருக்கமும் ஒரு வாசனைப் பிசின்தான்) என்றார்கள். ஐரோப்பியர் வாயில் முன்னெழுத்து உதிர்ந்து பென்சாயின் ஆனது. 1833இல் மிட்செர்லிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்து வடித்து எடுத்த திரவத்துக்கும் அதே வேரிலிருந்துதான் பெயர்: பென்சீன். எங்கே நம் பூஜையறை, எங்கே பெட்ரோலில் இருக்கும் பென்சீன்!

வாங்கும்போது பொடியாக வாங்காதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கேட்டு, ஒன்றை உடைத்துப் பாருங்கள். கடலை மிட்டாயை உடைத்ததுபோல, பழுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பருப்புத் தெரிய வேண்டும். முழுக்கக் கண்ணாடிபோல இருந்தால் பைன் பிசின் கலந்திருக்கலாம். போட்டதும் டர்பன்டைன் நெடி அடிக்கும். குங்கிலியம் வேறு சரக்கு. திருக்கடவூர்க் கலய நாயனார், நெல் வாங்கக் கொண்டுபோன மனைவியின் தாலியைக் கொடுத்து வாங்கியது அதைத்தான். நான் இரண்டையும் பாதிப் பாதி கலந்து பார்த்தேன், எனக்குத் தனிச் சாம்பிராணிதான் பிடித்தது.

எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைக்குப் புகை காட்டுவது இன்றும் உண்டு. சங்க காலப் பெண்கள் அகிலில் காட்டினார்கள், எனக்கு அந்த வசதியில்லை. தூபக்காலின் மேல் கூடையைக் கவிழ்த்து, கூந்தலை விரித்து அதன் மேல் போட்டால் மறுநாள் மாலைவரை தலையணையில்கூட வாசம் இருக்கும். கொசுவுக்குப் பெரிய பலனில்லை. புகை இருக்கும்வரை ஒதுங்கி நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடும்.

குழந்தைக்குப் புகை போடும் வழக்கத்தை மட்டும் நிறுத்திவிட்டேன். மகளுக்கு ஒரு வயதில் இளைப்பு வந்தது. டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்ல சாம்பிராணி போடுவீங்களா?" என்றுதான். கோவில் புகையானாலும் சிகரெட் புகையானாலும் நுண்துகள் துகள்தான், பிஞ்சு நுரையீரலுக்கு வித்தியாசம் தெரியாது என்றார். ஆச்சிக்கு வருத்தம். நாங்களெல்லாம் அந்தப் புகையில் வளர்ந்தவர்கள்தானே?

அன்றிலிருந்து தூபக்கால் பால்கனிக்குப் போய்விட்டது. ஒரு கங்கு, ஒரு சிட்டிகை, கூடத்துக் கதவு சாத்தியிருக்கும். எங்கள் வீட்டுக்குள் இப்போது வாசம் வருவதே இல்லை. மேல்மாடி அக்காதான் எட்டிப் பார்த்து, "அதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துருச்சா?" என்பார்.