நான்கில் மூன்று: 2024 மகளிர் ஒலிம்பிக் கூடைப்பந்து தகுதிச்சுற்று – ஒரு பார்வையாளரின் மதிப்புரை

பாரிஸ் ஒலிம்பிக்கில் மகளிர் கூடைப்பந்து ஆடப்போகும் 12 அணிகள் எவை என்பதை முடிவுசெய்த தகுதிச்சுற்று, 2024 பிப்ரவரி 8 முதல் 11 வரை பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப், ஹங்கேரியின் சோப்ரோன், சீனாவின் ஷியான், பிரேசிலின் பெலேம் ஆகிய நான்கு நகரங்களில் ஒரே நேரத்தில் நடைபெற்றது. பள்ளி மாணவியருக்குக் கூடைப்பந்து கற்றுத்தருபவள் நான். கட்டணம் செலுத்தி இணைய நேரலையில் பார்க்க முடிந்த ஆட்டங்களைப் பார்த்தேன். தவறவிட்டவற்றை அடுத்து வந்த வாரங்களில் பதிவுகளாகப் பார்த்து முடித்தேன். செலவழித்த நேரத்துக்கும் பணத்துக்கும் இந்தத் தொடர் என்ன தந்தது, எந்த ஆட்டங்களைத் தேடிப் பார்க்கலாம், எவற்றை விட்டுவிடலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

தொடரின் அமைப்பை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 16 அணிகள், நகரத்துக்கு நான்காகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றுடனும் ஒருமுறை மோத வேண்டும். நான்கில் மூன்று அணிகள் பாரிஸுக்குச் செல்லும். உலகக் கோப்பையை 2022இல் வென்ற அமெரிக்காவும், ஒலிம்பிக்கை நடத்தும் பிரான்ஸும் ஏற்கெனவே இடம் பெற்றிருந்தும் இதில் ஆடின; அவை ஆடிய ஆண்ட்வெர்ப்பிலும் ஷியானிலும் எஞ்சிய மூன்று அணிகளில் இரண்டு தேறும். மூன்று அணிகள் தேறும் போட்டியில் என்ன விறுவிறுப்பு இருக்கப்போகிறது என்றுதான் தொடக்கத்தில் நானும் எண்ணினேன். ஆனால் இந்த அமைப்பில் முதலிடம் யாருக்கு என்பது ஏறக்குறையப் பொருளற்றதாகி, கடைசி இடத்தைத் தவிர்ப்பதற்கான போராட்டமே ஆட்டமாகிவிடுகிறது. நான்கு அணிகளும் வலிமையில் நெருங்கியிருந்தால் அந்தப் போராட்டத்துக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது.

சோப்ரோனில் அதுதான் நடந்தது. ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய சிறிய நகரமான சோப்ரோன், 2022இல் ஐரோப்பாவின் முதன்மை மகளிர் கிளப் கோப்பையான யூரோலீக்கை வென்ற அணியின் ஊர்; மகளிர் கூடைப்பந்தை நன்கு அறிந்த ரசிகர்கள் உள்ள இடம். ஹங்கேரி, ஸ்பெயின், ஜப்பான், கனடா ஆகிய நான்கில் எளிய எதிரி என்று ஒன்றும் இல்லை. முதல் நாளே, டோக்கியோவில் வெள்ளி வென்ற ஜப்பான் தன் வேகத்தாலும் வெளிவட்டத்திலிருந்து எறிந்த மூன்று புள்ளிகளாலும் ஸ்பெயினை 86-75 என்று வீழ்த்தியது. கனடா ஹங்கேரியை வென்றது. அடுத்த சுற்றில் ஹங்கேரி ஜப்பானையும், ஸ்பெயின் கனடாவையும் வெல்ல, இறுதி நாளில் களமிறங்கியபோது நான்கு அணிகளுமே ஆளுக்கொரு வெற்றி, ஆளுக்கொரு தோல்வியுடன் நின்றன.

அந்த நாளின் முதல் ஆட்டத்தில் ஜப்பான் கனடாவை 86-82 என்று வென்று தன் இடத்தை உறுதிசெய்துகொண்டது. கனடாவின் கதி அடுத்த ஆட்டத்தைச் சார்ந்ததாகியது: ஹங்கேரி ஸ்பெயினை வென்றால் கனடா வெளியேறும்; ஸ்பெயின் வென்றால் கனடாவும் ஹங்கேரியும் சமநிலையில் முடியும், அப்போது தங்களுக்குள் மோதிய ஆட்டத்தில் வென்ற கனடா தேறும். ஹங்கேரி பெரும் முன்னிலை பெற்று, 1980 மாஸ்கோவுக்குப் பிறகு 44 ஆண்டுகள் காணாத ஒலிம்பிக்கின் வாசலில் சொந்த ரசிகர்கள் முன்னிலையில் நின்றது. பிறகு ஸ்பெயின் தற்காப்பை இறுக்கி, ஒவ்வொரு பந்தாக இடைவெளியைக் குறைத்து, 73-72 என்று வென்றது. ஒரு புள்ளி, அதில் ஹங்கேரி வெளியேற, ஆடாத கனடா பாரிஸுக்குச் சென்றது. முன்னிலையைக் காப்பாற்ற நினைக்கும் அணி எப்போது தயங்கத் தொடங்குகிறது, எறிய வேண்டிய பந்தை எப்போது இன்னொருவருக்குக் கைமாற்றுகிறது என்பதைக் காட்ட, என் மாணவியருக்கு இந்த ஆட்டத்தை மூன்று முறை போட்டிருக்கிறேன்.

ஆண்ட்வெர்ப்பில் இரண்டு ஆட்டங்கள் மட்டுமே முழுமையாகப் பார்க்கத் தக்கவை. 2023இன் ஐரோப்பிய வாகையரான பெல்ஜியம், சொந்த மண்ணில் அமெரிக்காவை வீழ்த்தும் நிலைக்கு வந்தது. நேரம் முடியும் கணத்தில் பிரியானா ஸ்டீவர்ட் போட்ட கூடையால் அமெரிக்கா 81-79 என்று தப்பியது. மற்றொன்று நைஜீரியா செனகலை வென்ற ஆட்டம். இந்தத் தொடரின் அமைப்பில் நான் காணும் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இரண்டு அணிகளையும் அமெரிக்காவும் பெல்ஜியமும் உள்ள பிரிவிலேயே சேர்த்து, அவை தமக்குள் மோதுவதை முதல் நாளிலேயே வைத்துவிட்டதால், அந்தப் பிரிவின் முடிவு அன்றே ஏறக்குறைய எழுதப்பட்டுவிட்டது. எஞ்சிய நாட்களில் அமெரிக்கா அவ்விரு அணிகளையும் 50 புள்ளிகளுக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்ற ஆட்டங்களில் கற்க அதிகமில்லை. அப்படித் தோற்ற நைஜீரியாதான் பாரிஸில் ஆஸ்திரேலியாவையும் கனடாவையும் வென்று, ஆடவர், மகளிர் இரு பிரிவிலும் ஒலிம்பிக் காலிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணியானது என்பதை நினைக்கும்போது, செனகலுக்கும் வேறொரு பிரிவில் ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

பெலேமில் ஆஸ்திரேலியா, செர்பியா, ஜெர்மனி தேறின; மகளிர் கூடைப்பந்தில் ஜெர்மனிக்கு அதுவே முதல் ஒலிம்பிக். 1994இல் உலக வாகையராக இருந்த பிரேசில், டோக்கியோவை அடுத்துப் பாரிஸையும் தவறவிட்டது. ஷியானில் சீனாவும் புவேர்ட்டோ ரிக்கோவும் தேற, நியூசிலாந்து வெளியேறியது.

இந்தியாவிலிருந்து பார்ப்பதற்கு ஷியான் ஆட்டங்களும் ஐரோப்பிய ஆட்டங்களும் நேரத்தில் பொருந்தின. பெலேம் நம்மைவிட எட்டரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால் அதற்கு நள்ளிரவுக்குப் பிறகு விழித்திருக்க வேண்டியிருந்தது. நான் பயன்படுத்திய இணையச் சேவையின் படம் தெளிவாக இருந்தது. ஆனால் நேரலை இருமுறை நடுவில் நின்றது, ஒரு முறை கடைசிக் குவாட்டரிலேயே நின்றது. பதிவுகளின் தலைப்பிலேயே முடிவைப் போட்டுவிடுவது பணம் கட்டியவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். இதற்கு மாறாக, சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆட்ட விவரங்கள், அதாவது யார் எந்த இடத்திலிருந்து எறிந்தார், கூடையில் விழாமல் திரும்பிய பந்துகளில் எத்தனையைப் பிடித்தார் (ரீபவுண்டு) என்பன, பயிற்சியாளருக்கு மிகவும் உதவுபவை.

பதிவுகளைத் தேடுபவர்கள் சோப்ரோனின் ஆறு ஆட்டங்களையும் நடந்த வரிசையிலேயே, முடிவுகளை முன்கூட்டி அறியாமல் பார்க்க வேண்டுகிறேன். நேரம் குறைவாக உள்ளவர்கள் ஸ்பெயின்–ஹங்கேரி ஆட்டத்தையும் பெல்ஜியம்–அமெரிக்கா ஆட்டத்தையும் மட்டுமாவது பார்க்கலாம். அவற்றில் முதலாவதை இரண்டாம் பாதியிலிருந்து தொடங்காமல், ஹங்கேரி தன் முன்னிலையைக் கட்டிய முதல் பாதியிலிருந்தே பார்க்க வேண்டும்.