தாத்தாவுக்கு ஷூ மாட்டிவிட்ட போட்டோ கடை

மலேசியாவின் நிபோங் திபாலில் பழைய போட்டோவைச் சரிசெய்து தரும் கடை எது என்று கேட்பவர்களுக்கு: பழைய கடைத்தெரு வரிசையில் ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், திருவிழா பேனர் எல்லாம் செய்கிறார்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். அந்த ஒன்று ஏன் குறைந்தது என்பது கொஞ்சம் நீளமான கதை.

நான் கொண்டுபோனது தாத்தாவின் ஒரே இளவயதுப் போட்டோ. உள்ளங்கை அளவு. ஒரு மூலையைக் கரையான் தின்றுவிட்டது, நடுவில் மடிப்பு, மேலெல்லாம் பூஞ்சை. இரண்டடுக்கு இறக்கை உள்ள விமானத்தின் பக்கத்தில் அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாக, கையில் ஒரு தகர டின்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தாத்தா பிளேன் ஓட்டினார் என்றுதான் எங்கள் குடும்பத்தில் பேச்சு. பெரியத்தை இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்.

தாத்தா ஓட்டவில்லை. 1935ல் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் விமானத் திடல் திறந்த சமயம், கித்தா (ரப்பர்) மரம் சீவப் பிடிக்காமல் தோட்டத்தை விட்டு ஃபெர்ரி ஏறிப் பினாங்குக்குப் போனவர், அங்கே புல் வெட்டும் ஆளாகச் சேர்ந்தார். புல் வெட்டுவது, மாடு விரட்டுவது, அப்புறம் பெட்ரோல் ஊற்றுவது. அந்தக் காலத்தில் நான்கு கேலன் டின்னிலிருந்து புனலில் மெல்லிய தோலை விரித்து, அதன் வழியாகத்தான் ஊற்றுவார்களாம். பெட்ரோல் இறங்கிவிடும், தண்ணீர் தோலிலேயே தங்கிவிடும். தண்ணீர் கலந்தால் மேலே போய் இன்ஜின் நின்றுவிடும் அல்லவா, அதனால் அவசரப்பட்டுச் செய்கிற வேலை இல்லை அது, சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை வெயிலில் நிற்க வேண்டும். 1936 மார்ச்சில் பினாங்கிலிருந்து ஹாங்காங்குக்கு விமானச் சேவையின் முதல் விமானம் கிளம்பியது. ஒரே ஒரு பயணி, மிச்சம் தபால் மூட்டை. "நான் வெட்டின புல்லுலதான் அது ஓடுச்சு" என்று தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் தோட்டத்துக்கே திரும்பி, பிடிக்காத அதே கித்தாக் கத்தியை எடுத்துக்கொண்டார்.

சரி, கடைக்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த தம்பி போட்டோவைப் பார்த்ததும், "அக்கா, ஏஐல போட்டா புதுசு மாதிரி வந்துரும்" என்றார். அறுபது வெள்ளி (ரிங்கிட்), மூன்று நாள். சொன்ன நாளில் தயார், அதைப் பாராட்டத்தான் வேண்டும். பூஞ்சை இல்லை, மடிப்பு இல்லை, தாத்தா முகம் பளிச்சென்று வந்திருந்தது. ஒரு நிமிடம் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம்தான் கீழே பார்த்தேன். காலில் கறுப்பு ஷூ. டின் இருந்த கையில் ஒரு தோல் பை. வெறுங்காலும் டின்னும் கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை போலிருக்கிறது, பிளேன் பக்கத்தில் நிற்பவர் ஆபீசராகத்தான் இருக்க வேண்டும் என்று அதுவே முடிவு பண்ணிவிட்டது. அதைவிட மோசம், மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவில் குறுக்கே ஓடும் கம்பிகள் எல்லாம் காணோம். மரச்சட்டத்தில் துணி போர்த்திய இறக்கை அது, கம்பி இழுத்துப் பிடிக்காவிட்டால் ஆகாயத்தில் தாங்காது. விமானத்தின் உடம்பில் இருந்த எழுத்தும் எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கலாகிவிட்டது. அசலில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் 'வி ஆர் எஸ்' என்ற தொடக்கம் தெரியும். பினாங்கும் சிங்கப்பூரும் சேர்ந்த அன்றைய பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதியில் பதிவான விமானங்களுக்கு அந்த எழுத்துதான். கார் விற்றுக்கொண்டிருந்த வேர்ன் சகோதரர்கள் 1937 ஜூனில் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு என்று எட்டுப் பேர் உட்காரும் டிராகன் ரபீட் விமானங்களை ஓட்டத் தொடங்கினார்கள். போட்டோவில் இருப்பது அவற்றில் ஒன்று என்று நான் நினைப்பதற்கு, விமானத்தின் வடிவத்தோடு சேர்த்து, கையில் இருக்கும் ஆதாரமே அந்த எழுத்துதான். அதைத்தான் அழித்து வைத்திருந்தார்கள்.

தம்பி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "கீறல்தான் அக்கா போயிருக்கு" என்றார். உள்ளே இருந்து அவருடைய அப்பா தே தாரே டீ கிளாஸோடு வந்தார், பழைய ஸ்டூடியோக்காரர், நெகட்டிவில் பென்சில் வைத்து முகப்பரு மறைத்த காலத்து ஆள். லென்ஸை வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "டேய், கீறல் கோணல்மாணலா போகும். இது ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கு. கம்பிடா இது" என்றார். அத்தோடு சரி, வாக்குவாதம் முடிந்தது. ஏஐயை மூடிவிட்டுக் கையாலேயே பூஞ்சையை மட்டும் எடுக்கச் சொன்னார். கரையான் தின்ற மூலையை நிரப்ப வேண்டாம் என்றேன், அப்படியே விட்டார்கள். கூடுதலாக இரண்டு வாரம் ஆனது, காசு கூடக் கேட்கவில்லை. இப்போது கம்பி, டின், எழுத்து, கால் விரல் எல்லாம் இருக்கிறது.

இங்கே கொடுப்பதாக இருந்தால் எதைத் தொடக்கூடாது என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெரியவர் கடையில் இருக்கும்போது போவது நல்லது. அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், ஸ்கேன் எடுத்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பிரேம் மட்டும் வேறு எங்காவது போடுங்கள், நாற்பத்தைந்து வெள்ளிக்கு அந்தப் பிளாஸ்டிக் ரொம்ப அதிகம்.

வீட்டில் இரண்டு பிரதியையும் காட்டினேன். பெரியத்தை ஷூ போட்ட தாத்தாவைக் கையில் எடுத்து, "இதுதான்டி எங்கப்பா" என்றார். அதிலும் ஒன்று பெரிய அளவில் பிரிண்ட் போடச் சொல்லியிருக்கிறேன், பதினைந்து வெள்ளி.