மூன்று படி ஏறினால் ஒரு ஜெராக்ஸ் கடை

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 'ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன்' என்று ஒரு தகரத்தில் பெயிண்டில் எழுதி மாட்டியிருக்கிறார் கடைக்காரர், அவ்வளவுதான். எந்த மாவட்டம் என்று சொல்லப்போவதில்லை. இதில் திட்டு வாங்கப்போகிறவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள். எந்த ஊர் கலெக்டர் ஆபீஸ் எதிரிலும் இப்படி நாலு கடை இருக்கும். எதில் ஏறுவது என்று தெரியாமல் வெயிலில் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு இடது காலில் போலியோ. காலிபர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்டு நடப்பேன். தையல் தொழில். கையில் இருந்த பழைய அடையாள அட்டைப் புத்தகத்தை வைத்து யு.டி.ஐ.டி. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, வாங்கப் பக்கத்துக் கடை ஒன்றில் முதலில் கொடுத்தேன். அந்தத் தம்பி பேப்பரைப் பார்க்கவேயில்லை. மளமளவென்று ஸ்கேன் செய்தார், 150 ரூபாய் வாங்கினார், 'மெசேஜ் வரும்க்கா' என்றார். வந்தது. விவரம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அப்புறம்தான் இந்தக் கடை. இவர் செய்த முதல் வேலை, மெஷினை ஆஃப் பண்ணியது. கண்ணாடி மேலே ஆதாரையும் பழைய புத்தகத்தையும் ரேஷன் கார்டையும் வரிசையாகப் பரப்பினார். பேனா மூடியால் பெயர்களுக்குக் கீழே கோடு போடுகிற மாதிரி இழுத்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, இனிஷியல் இதுல மு, இதுல க. யாரு இந்த ரெண்டு பேரும்?"

"ஒண்ணு எங்கப்பா, ஒண்ணு வீட்டுக்காரர்."

"கம்ப்யூட்டருக்கு அந்தச் சொந்தமெல்லாம் தெரியாதுக்கா. ரெண்டு வேற ஆளுன்னு நெனச்சுக்கும்."

ஆதாரில் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் மாற்ற முடியுமாம், நான் கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றைச் செலவழித்தாயிற்று. ஆதாரில் இருக்கிறபடியே விண்ணப்பம் போட்டு, கல்யாணப் பதிவுச் சான்றைச் சேர்த்தார். கூலி 80 ரூபாய். இந்த விண்ணப்பத்துக்கு அரசாங்கக் கட்டணம் என்று எதுவும் இல்லை. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் போனிலேயே போடலாம். ஆனால் அந்தப் பேனா மூடி போனில் வராது.

மருத்துவ முகாமில் எனக்கு 60 சதவீதப் பாதிப்பு என்று போட்டார்கள். மாதம் 2000 ரூபாய் வரும் என்று நம்பி, இரண்டு திங்கள்கிழமை கலெக்டர் மனுநாளில் வரிசையில் நின்றேன். யாரும் ஒரு வார்த்தை விளக்கவில்லை. இவர் சான்றிதழைப் பார்த்த உடனே சொன்னார். அந்த 2000 பராமரிப்பு உதவித்தொகை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுப்பது. கை கால் பாதிப்பு என்றால் 75 சதவீதம் இருக்கணும். எனக்கு உள்ளது வருவாய்த்துறை பென்ஷன். அதற்கு 40 போதும். முன்பு 1000 ஆக இருந்து 2023 ஜனவரியிலிருந்து 1500. அதற்கு நான் ஏறவேண்டிய படி தாலுகா ஆபீஸ் படி, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருவார், வீட்டில் இரு என்றார். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், ரெண்டுக்கும் மனு போட்டு மாட்டிக்கொள்ளாதே என்றும் சொன்னார். இதைச் சொல்ல ஒரு பைசா வாங்கவில்லை. என் கார்டு மஞ்சள். 80 சதவீதமும் அதற்கு மேலும் நீலம். 40க்குக் கீழே வெள்ளை; அதை வைத்து பென்ஷன் கேட்க முடியாது.

நான் உட்கார்ந்திருந்த அன்று ஓர் அம்மா பையனின் பள்ளிச் சான்றை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பையனுக்கு மாசாமாசம் ரத்தம் ஏற்றணும், தலசீமியா. இவர் பேச்சோடு பேச்சாக, "யு.டி.ஐ.டி. போட்டாச்சா?" என்றார். "என் புள்ளைக்குக் கை காலெல்லாம் நல்லாதானே இருக்கு" என்று அந்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகைதான், 2016 சட்டத்தில் 21 வகை, தலசீமியாவும் ரத்தம் உறையாத ஹீமோஃபிலியாவும் அதில் உண்டு என்று சொல்லிப் புரியவைத்தார். கோபம் தணிந்ததும் அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வாங்குவதைவிட அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. என் அக்கா மகனுக்கு அறிவுசார் குறைபாடு. அவனுக்கு 40 சதவீதம் இருந்தாலே அந்த 2000 உண்டு, வருகிறது. அவன் சான்றிதழை லேமினேஷன் போடக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார். "போடாதீங்கக்கா. 'தற்காலிகம்'னு இருக்கு. தேதியப் பாருங்க." இன்னும் நாலு மாதம்தான் இருந்தது. வீட்டில் ஒருவர் கண்ணிலும் அது பட்டதில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றுக்கும் அவரே போன் போட்டு ஞாபகப்படுத்துகிறார். அதற்கென்று நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறார், பால் கணக்கு மாதிரி.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் எங்களை மாதிரி ஆட்கள், கடைக்கோ மூன்று படி! கைப்பிடி கிடையாது. நான் ஷட்டர் ஓரத்தைப் பிடித்து ஏறுகிறேன், கை முழுக்க கிரீஸ். சக்கர நாற்காலிக்காரர்கள் ரோட்டிலிருந்து கூப்பிட்டால் இறங்கி வருவார், உண்மைதான். ஆனால் இறங்கி வருவதை உதவி என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று, இது பெரிய குறை: போன் இல்லாதவர்களுக்குத் தன் நம்பரையே போட்டுவிடுகிறார். நல்ல எண்ணம்தான். நாளைக்கு அவர் ஊரில் இல்லாவிட்டால் ஓ.டி.பி. யாருக்குப் போகும்? உங்கள் வீட்டு நம்பர் ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள். ஒரிஜினல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், பத்தரைக்குள் போங்கள், திங்கள்கிழமை போகாதீர்கள்.

ஐந்துக்கு நாலு. அந்த ஒன்று படிக்காகக் கழித்தது. போன வாரம் போனபோது படியோரம் நீளமாக ஒரு பலகை சாய்த்திருந்தது. சாய்தளம் போடுகிறார் என்று சந்தோஷப்பட்டுக் கேட்டேன். பெயர்ப்பலகை எழுத வாங்கினாராம்.