பி0420 வந்தால் எதை நம்புவது: ஸ்கேனரா, டெம்பரேச்சர் கன்னா, புகை அனலைசரா?

செக் இன்ஜின் லைட் எரிந்து, ஸ்கேனரில் பி0420 (கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்ற கோடு) என்று வந்தால் பாதி மெக்கானிக்குகள் சொல்வது ஒன்றுதான்: "கன்வெர்ட்டர் போச்சு சார், மாத்திடலாம்." எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத்தான் சொல்கிறார்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் இருப்பதால் புதுசு போட்டால் பில் கையைக் கடிக்கும். மாற்றுவதற்கு முன் சோதிக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

என் ஓட்டு ஸ்கேனரின் லைவ் டேட்டாவுக்கு. இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியு புகையை அளப்பதே இல்லை. கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, தேவைப்படும்போது விடும். அந்தச் சேமிப்புத் திறனைத்தான் அது கவனிக்கிறது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, 2500 ஆர்பிஎம்மில் பிடித்தபடி பின் சென்சாரின் (கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார்) கிராஃபைப் பாருங்கள். 0.6, 0.7 வோல்ட் பக்கம் பெரிதாக ஆடாமல் நின்றால் கன்வெர்ட்டர் உயிரோடு இருக்கிறது. 0.1க்கும் 0.9க்கும் இடையே விடாமல் துள்ளினால் சந்தேகப்படலாம். ஸ்கேனரில் மோட் 06 இருந்தால் ஈசியு தானே செய்யும் சோதனையின் அளவும் அதன் வரம்பும் எண்ணாகவே கிடைக்கும். வரம்பை ஒட்டித் தோற்றதா, படுமோசமாகத் தோற்றதா என்று அதில் தெரிந்துவிடும்.

இதிலும் ஓட்டை உண்டு. பின் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் கணக்கைக் கெடுக்கும். கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

டெம்பரேச்சர் கன் மலிவு. அதைத் தாண்டிப் பாராட்ட அதிகமில்லை. வெளியேறும் பக்கம் உள்நுழையும் பக்கத்தைவிடச் சூடாக இருக்கவேண்டும் என்பது பழைய கார்புரேட்டர் காலத்து விதி. இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின் சுத்தமாக எரிப்பதால், கன்வெர்ட்டருக்கு எரிக்க மிச்சம் குறைவு. நல்லதிலும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. போதாக்குறைக்கு, பளபள ஸ்டீலில் கன் தப்பான எண்ணைக் காட்டும்.

புகை அனலைசர் சொல்வது உண்மையான முடிவு, ஆனால் எப்படிச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பிஎஸ்4 அல்லது அதற்குப் பிறகான புகை விதிப்படி வந்த பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் வரை பியூசி (புகைச் சான்றிதழுக்கான சோதனை) விடும். ஐடிலில் வரும் புகை கொஞ்சம்தான். பாதி தேய்ந்த கன்வெர்ட்டரும் அதைச் சமாளித்துவிடும். அதனால் லைட் எரியும் கார் பியூசியில் பாஸ் ஆவது அதிசயமில்லை. நைட்ரஜன் ஆக்சைடையும் அளக்கும் ஐந்து வாயு அனலைசரை லோடில் வைத்துப் பார்த்தால்தான் வண்டவாளம் வெளிவரும். அந்த வசதி எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இருக்காது.

கன்வெர்ட்டர் போனது எதில் உறுதியானாலும், மிஸ்ஃபயரும் ஆயில் குடிக்கும் பழக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.